அக்கா விட்ட இடம்

புதிய கேம் ஒன்றைப் போட என் கணினியின் இரண்டு டிரைவிலும் இடமில்லை. அக்கா விளையாடிய கார் ரேஸ்தான் பெரும்பகுதியை அடைத்திருந்தது. அவள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போனபின் யாரும் அதைத் திறக்கவில்லை. போனில் கேட்டேன்.

“அழிச்சிடுடா. எனக்கு எங்க நேரம் இருக்குது?” என்றவள், சற்றுப் பொறுத்து, “நான் உட்ட எடம் அப்டியே இருக்குதா?” என்றாள்.

“இருக்குதுக்கா.”



மறுநாள் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் தனி ஹார்ட் டிஸ்க் வாங்கி, அவள் கேமை அதற்கு மாற்றினேன். சரியாக வந்திருக்கிறதா என்று திறந்தேன். அவளுடைய மஞ்சள் கார் பாதிப் பந்தயங்களை ஜெயித்த இடத்திலேயே நின்றது. ஓட்ட ஆசையாக இருந்தும் தொடாமல் மூடினேன்.

பொங்கலுக்கு வந்தவளுக்கு உறவினர் வீடுகளுக்குப் போகவே நேரம் சரியாக இருந்தது. மூன்று நாளும் கணினியைப் போட்டு வைத்துக் காத்திருந்தேன்.