சின்னவனுக்கு நட்ட கல்

போன ஞாயிற்றுக்கிழமை தருமபுரியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கறிச்சோறு தின்று கை கழுவி வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசை மேல் ஒரு ஊரே முளைத்திருக்கிறது. அட்டையில் வெட்டிய சுவர், பஞ்சில் செய்த மரம், தெர்மாகோலில் குன்று மாதிரி ஒரு கரடு. நடுவில் கட்டைவிரல் உயரத்துக்கு ஆட்கள். கத்தி பிடித்தவன், வில் பிடித்தவன், மொட்டைத் தலையன் ஒருவன். புதுப் பெயிண்ட் வாசனை கறிக்குழம்பு வாசனையை அமுக்கிவிட்டது. ஒரு பக்கம் மாப்பிள்ளை, எதிர்ப்பக்கம் அவரோடு ஆபீசில் இருக்கிற ஒருவர். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பே இல்லை.

மொட்டைத் தலையனைக் கையில் எடுத்துப் பார்க்கப் போனேன்.

“மாமா, அவனத் தொடாதீங்க. இப்பவோ அப்பவோன்னு இருக்கறான்” என்றார் மாப்பிள்ளை.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“ஒரு பக்கத்துக்கு எத்தன பேரு மாப்ள?”

“ஆறு பேருதாங்க மாமா. நூறு, எறநூறு பொம்மைய அடுக்கி ஆடறவங்களும் இருக்கறாங்க. அதுல இருவது பேரு செத்தா அள்ளி டப்பாவுல போட்டுட்டுப் போயிக்கினே இருப்பாங்க. இதுல ஒவ்வொருத்தனுக்கும் பேரு இருக்குதுங்க. ஒருத்தன் போனாலும் அன்னிக்குச் சோறு எறங்காது.”

“அப்பச் சாப்ட்டுட்டு ஆடறதுதான் நல்லது” என்றேன். சமையல்கட்டில் மகள் சிரித்தாள்.

அப்புறம் மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். கன்னத்தை மேசை மேல் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, எதிராளியின் வில் பிடித்தவன் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். அங்கிருந்து தன் மொட்டைத் தலையன் தெரிகிறானா என்று பார்க்கிறார். எனக்குக் காதுக்குள் ஈரமணல் போன மாதிரி இருந்தது. அந்த மாதிரிக் கன்னத்தை மண்ணில் வைத்துப் பார்த்த ஒருத்தியை எனக்குத் தெரியும்.

அவள் கெம்பம்மா. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் நாங்கள் கல்லறுத்த காலத்தில் கல் சுமந்தவள். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், திட்டுவதற்கு இரண்டும். எனக்குப் படிப்பு கிடையாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். நடுநடுவே அவளாக எதையாவது சேர்த்தால் நான் பொறுப்பில்லை. அப்போது எனக்கு மீசை அரும்பி, அதை முறுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வயசு. என்னோடு அச்சுப் பிடித்தவன் மாதப்பன். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவன். பேச்சு கம்மி, கை வேகம்.

சூளைக்குப் பின்னால் கேழ்வரகுக் கொல்லை ஓரத்தில் ஒரு வேடியப்பன் கல் உண்டு. எங்கள் பக்கம் கொல்லைக்குக் கொல்லை அந்த மாதிரிக் கல் நிற்கும். ஒரு கையில் வில், ஒரு கையில் கத்தி, மாரில் தைத்த அம்பு, காலடியில் இரண்டு மாடு. மாடு ஓட்டிக்கொண்டு போனவர்களை மறித்து நின்று செத்தவன் என்பார்கள். மேலே ஏதோ எழுதியிருக்கும். எனக்குத்தான் தெரியாது என்று பார்த்தால் படித்தவர்களுக்கும் அந்த எழுத்து தெரியாது. அதில் எனக்கு ஒரு சமாதானம்.

மழை பிடித்துக்கொண்டால் சூளையில் வேலை ஓடாது. சுடாத பச்சைக்கல்லை ஓலை போட்டு மூடிவிட்டு மணல் கொட்டகையில் குந்திக்கொண்டு மழையைப் பார்ப்போம். அப்படி ஒரு நாள் மாதப்பன் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாடு ஓட்டறதுக்கு எத்தன பேரு வந்திருப்பான்? அஞ்சாறு பேரு. மறிச்சவன் அஞ்சாறு பேரு. அதுக்கே கல்லு நட்டுச் சாமியாக்கிட்டாங்க பாரு” என்றான்.

“ஆயிரம் பேரு செத்தா யாரு கல்லு நடுவா? கல்லுக்கு எங்க போறது?” என்றாள் கெம்பம்மா.

ஆட்டம் பிறந்தது அங்கேதான். களிமண்ணில் ஆளுக்கு ஐந்து பேர் பிடித்து, பேரும் வைத்து, சூளை கொளுத்தும்போது கல்லோடு கல்லாக வைத்துச் சுட்டெடுத்தோம். மணலில் கரடு, பள்ளம், உடைந்த ஓட்டில் பாறை. எல்லைக்கு ஒரு கயிறு, மாட்டை அதைத் தாண்டி ஓட்டிவிட்டால் ஜெயிப்பு. ஆமணக்கு விதைதான் மாடு. அதற்கு மாடு மாதிரியே மேலெல்லாம் புள்ளி இருக்கும். அளப்பதற்கு ஒரு செங்கல். ஓடினால் கல்லின் நீளம், பதுங்கிப் போனால் கல்லின் அகலம். சாண் போட்டு அளந்தால் எனக்குக் கை பெரிசு, சண்டை வரும். கல்லுக்கு ஏது கை?

ஒருத்தன் இன்னொருத்தனை வெட்ட, நடுவே இருக்கிற தூரம் கல்லின் நீளத்துக்குள் இருக்க வேண்டும். வெட்டப் போனால் இருவரும் நாலு புளியங்கொட்டை உருட்டுவோம். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டை. வெட்டுகிறவனுக்கு வெள்ளை கூடுதலாக விழுந்தால் வெட்டு. சமமாக விழுந்தால் வெட்டுப்படுகிறவன் பிழைத்துக்கொள்வான். எதிரி கண்ணுக்குத் தெரிகிறானா இல்லையா என்பதற்குத் தீர்ப்பு கெம்பம்மாவுடையது. விழுந்தவன் விழுந்தவன்தான், திரும்ப ஆட்டத்துக்கு வரக்கூடாது. அவனை வேடியப்பன் காலடியில் புதைத்து, செங்கல் சில்லு ஒன்று நட்டுவிட வேண்டும். இந்தச் சட்டம் மாதப்பன் போட்டது. போடும்போது அவனுக்கு இது எங்கே வந்து முடியும் என்று தெரியாது.

மாதப்பனுக்கு ஒரே தம்பி, பெருமாள். நாங்கள் சின்னவன் என்போம். சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிவான். கல்லறுக்க மாட்டேன், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறேன் என்று நின்றான். மாதப்பன் கன்னத்தில் ஒன்று வைத்து, “போனா திரும்பி வந்துடாத” என்று சொல்லிவிட்டான். அவனும் சொன்னபடி செய்தான். பொங்கலுக்கு வரவில்லை. மாரியம்மன் பண்டிகைக்கும் வரவில்லை. தகவலும் இல்லை. தேடிப் போகலாம் என்றால், “அவனா போனான், அவனா வரட்டும்” என்பான் மாதப்பன். சொல்லிவிட்டு ரோட்டைப் பார்ப்பான்.

அப்புறம் ஒருதரம் சூளை கொளுத்தியபோது புதுசாக ஒரு பொம்மை சுட்டு எடுத்து வந்தான். காலர் தூக்கின பொம்மை. யாரென்று நாங்கள் கேட்கவில்லை.

அந்தப் பொம்மையை அவன் ஆடவே மாட்டான். ஆட்டம் தொடங்கும்போது ஒரு ஓட்டுக்குப் பின்னால் வைப்பான். முடியும் வரை அது அங்கேயே இருக்கும். நாலு பேரை வைத்து ஆடித் தோற்றுக்கொண்டே இருந்தான். “பயமா இருந்தா சின்னவன வெளிய எடுத்து வச்சிட்டு ஆடேன்” என்று ஒருமுறை சொன்னேன். “ஆட்டத்துல இல்லாதவன் இருந்தா என்ன, செத்தா என்ன” என்றான். எனக்கு விளங்கிவிட்டது. அது நிற்கிற வரைக்கும் தம்பி எங்கேயோ நல்லபடியாக நிற்கிறான். அவன் கணக்கு அது.

அன்றைக்கு விடாத மழை. அளவுக்கல் என் கை வழுக்கி உடைந்துபோனது. கெம்பம்மா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி, குவியலிலிருந்து ஒரு கல்லை உருவி வந்தாள். நனைந்து நல்ல சிவப்பாக இருந்தது. யாரும் இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

ஆட்டம் முற்றியது. என் பக்கம் இரண்டு பேர் மிச்சம். மாட்டை ஓட்டிக்கொண்டு மொண்டி, ஒரு பாறை மறைவில் காளியப்பன். மாதப்பனுக்கும் இரண்டு பேர். ஒருத்தன் எங்கேயோ கோடியில் கிடந்தான். இன்னொருத்தன் சின்னவன். மொண்டி இன்னும் ஒரு ஓட்டம் ஓடினால் மாடு கயிற்றைத் தாண்டிவிடும். குறுக்கே வந்து நிற்கக்கூடிய தூரத்தில் இருந்தது சின்னவன் மட்டும்தான்.

மாதப்பன் கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான். வழக்கம்போலத் தோற்றுவிட்டு எழுந்து போவான் என்று நினைத்தேன்.

கெம்பம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, “கல்லுக்குப் பின்னாடியே குந்திக்கினு இருக்கறவனுக்குக் காலர் ஒரு கேடா?” என்றாள்.

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். மாதப்பன் அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

“எந்தம்பி பயந்தாங்கொள்ளி இல்ல” என்றான். கல்லை எடுத்து அளந்து, சின்னவனைக் கொண்டுவந்து மாட்டுக்கு முன்னால் நிறுத்தினான். நிறுத்திவிட்டு விரலை எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

என் காளியப்பனுக்கு அவன் தெரிகிறானா? கெம்பம்மா கன்னத்தை மணலில் வைத்தாள். எழுந்திருக்கவே இல்லை.

“என்னக்கா, தெரியுதா?”

“காலர் தெரியுது” என்றாள், படுத்தபடியே.

கல்லை வைத்தேன். காளியப்பன் காலிலிருந்து சின்னவன் கால் வரை, வெட்டி வைத்த மாதிரி சரியாக இருந்தது.

“வாணாம்பா, நான் மாட்ட வேற பக்கமா ஓட்டிக்கறேன்” என்றேன்.

“சும்னிரு. அவம்மேல எரக்கப்பட்டு ஆடாத. உருட்டு” என்றான் மாதப்பன்.

உருட்டினேன். மூன்று வெள்ளை. கொட்டைகளை அவனிடம் தள்ளினேன். அவனுக்கும் மூன்று வேண்டும். கைக்குள் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான். போட்டான். இரண்டு வெள்ளை, ஒரு கறுப்பு. கடைசிக் கொட்டை மணல் சரிவில் உருண்டுகொண்டே போனது. கயிற்றில் முட்டி நின்றது. கறுப்பு.

நான் சின்னவனைப் படுக்க வைக்கவில்லை. மாதப்பனேதான் ஒற்றை விரலால் சாய்த்தான்.

என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த கல்லை அடுக்கின் மேல் வைத்தேன். டொக் என்றது. கல் வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் போதும். நன்றாக வெந்த கல் கணீரென்று சொல்லும். டொக் என்றால் சூளையின் ஓரத்தில் இருந்து சரியாகச் சூடு ஏறாத அரைவேக்காடு. வேக வேகக் கல் சுருங்கும். அரைவேக்காடு அவ்வளவு சுருங்காது. அதாவது, நீளம் கூடுதல்.

கெம்பம்மா ஓடிப்போய்க் குவியலில் ஒவ்வொன்றாகத் தட்டி, கணீரென்ற கல்லைக் கொண்டுவந்தாள். அளந்தாள். காளியப்பனுக்கும் சின்னவனுக்கும் நடுவே ஒரு ஆமணக்கு விதை படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி.

“எட்டல. வெட்டு செல்லாது. எழுப்பிடு மாதப்பா” என்றாள். “நான் தூக்கியாந்த கல்லுப்பா அது. எழுப்பிடு.”

மாதப்பன் பொம்மையைக் கையில் எடுத்து, அதன் முகத்திலிருந்த மணலை ஊதினான்.

“கல்லு தப்பா இருந்தா என்னக்கா. மூணு பேரும் அந்தக் கல்லுலதான ஆடனோம். விழுந்தவன் விழுந்தவன்தான்.”

மழையில் இறங்கிப் போய் வேடியப்பன் காலடியில் குழி பறித்துப் புதைத்தான். சில்லு ஒன்றை நட்டான். திரும்பி வந்து, “நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் பெங்களூரு போறேன். மேஸ்திரி கேட்டா சொல்லிடு” என்றான். பொம்மை நின்ற வரைக்கும் போகாதவன், விழுந்த பிறகு போனான்.

அப்புறம் நாங்கள் இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. மழை விட்டது, வேலை ஓடியது. கெம்பம்மாவின் வாயிலிருந்து ஒரு வசவு வரவில்லை. சுமை இறக்கும்போதெல்லாம் அந்தச் சில்லைப் பார்ப்பாள். “தனியா திரும்பி வந்தான்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவன் எதுர்ல நிப்பேன்?” என்று ஒருநாள் கேட்டாள். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் அச்சில் கை நின்றுவிடும்.

சந்தை நாள் ஒன்றில் இரண்டு பேராக இறங்கினார்கள். சின்னவன் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து, ஒரு தகரக் கொட்டகையில் மாசக்கணக்கில் கிடந்திருக்கிறான். எங்கள் அன்றைய ஆட்டத்துக்கு ரொம்ப முன்னாலேயே விழுந்தவன். பொம்மை ஓட்டுக்குப் பின்னால் பத்திரமாகக் குந்தியிருந்த காலமெல்லாம் அவன் அங்கே படுத்துக் கிடந்தான். திரும்பி வந்துவிடாதே என்ற அண்ணனுக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்று சும்மா இருந்துவிட்டான்.

கெம்பம்மா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “உனக்குக் கல்லு நட்டாச்சிடா நாயே. போயிக் கும்புட்டுக்க.”

அவன் சிரித்துக்கொண்டு போய்ப் பார்த்தான். பொம்மையை எடுத்துக் காட்டச் சொன்னான். மாதப்பன் தோண்டினான். பக்கத்திலிருந்த ஆளெல்லாம் புதைத்தபடியே கிடைத்தார்கள், மூக்கு முழியோடு. சின்னவன் மட்டும் இல்லை. ஒரு பிடி சேறு இருந்தது. மழையில் கரைந்துபோயிருந்தான்.

“நடுவுல வச்சா சூடு தாங்காம வெடிச்சிடுவான்னு ஓரத்துல வச்சிச் சுட்டேன்” என்றான் மாதப்பன். கையிலிருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைத் தம்பி சட்டைக் காலரில் துடைத்தான். அப்போதுதான் அவன் அழுததைப் பார்த்தேன்.

அப்புறம் நாங்கள் அந்த ஆட்டம் ஆடவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

மேசையில் மொட்டைத் தலையன் விழுந்துவிட்டான். மாப்பிள்ளை கண்ணை மூடித் திறந்தார். அவனைத் துடைத்து, பஞ்சு வைத்த டப்பாவில் படுக்க வைத்தார்.

“பொதைக்கலீங்களா மாப்ள?”

“எதுக்குங்க மாமா? அடுத்த வாரம் எழுந்துக்குவான்.”

நல்லதுதான். மாதப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான், கெம்பம்மாவும் போய்விட்டாள். திரும்பவும் பெங்களூருக்கே போன சின்னவன் அங்கே யாரோடு இருக்கிறான் என்று தெரியவில்லை. சூளை இருந்த இடம் பிளாட்டாகிவிட்டது. வேடியப்பனுக்கு டைல்ஸ் போட்டுக் கம்பிக் கதவு வைத்திருக்கிறார்கள். டைல்ஸ் போட்டபோது அவன் காலடியில் இருந்த சில்லையெல்லாம் பெருக்கித் தள்ளியிருப்பார்கள். அதற்கு அடியில் எங்கள் ஆட்கள் மூக்கு முழியோடு இன்னும் கிடப்பார்கள்.

சாய்ந்து உட்கார்ந்து, பின்னால் இருந்த சுவரைத் தட்டிப் பார்த்தேன். சிமெண்டுக் கல். டொக் என்றது. கணீரென்று சொல்லுமா என்று இன்னொரு இடத்தில் தட்டினேன். அங்கேயும் அதேதான்.

“என்னங்க மாமா, செவுத்துல என்ன?”

“ஒண்ணுமில்ல. நீங்க ஆடுங்க மாப்ள.”