நெஞ்சில் தட்டிய சத்தம்

நாலு வருஷத்துக்கு முந்தி, ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல, வரிசை வீடா இருக்குற எங்க லயத்துல நடந்தது இது. மருமகளுக்கு ஏழாம் மாசத்துல புள்ள தங்காமப் போச்சு. அதுக்கப்புறம் அவளுக்குப் பேச்சே கொறஞ்சுபோச்சு. அடுப்புல சோறு கரிஞ்சாலும் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. மகன் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினான். டொக்டர் மாத்திரை குடுத்தாரு. அங்க இருந்து மனசுக்கு ஆறுதல் சொல்ற ஒரு மிஸ் வாரம் ஒருக்கா, வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற எங்க தோட்டத்துப் புள்ளமடுவத்துக்கு வருவாங்க. மனபாரம் கொறையிறதுக்கு, விரலால நெத்தியிலயும் நெஞ்சு மேலயும் மெதுவாத் தட்டுற பயிற்சி ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க.

எனக்கு அது புடிக்கல. நாப்பது வருஷம் கொழுந்து எடுத்தவ நான். நிறைமாச வயித்தோட கூடையத் தூக்கிட்டு மலை ஏறினேன். நாலு பெத்தேன், நாலும் நின்னுச்சு. எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவேன். அவகிட்டயும் சொன்னேன். ஒரு தடவை இல்ல.

ஒரு நாள் கடைக்குப் போயிட்டு வர்றேன், அவ படுக்குற காம்பராவுல தட்டுற சத்தம். வெளிய நின்னு காது குடுத்தேன்.

“மாமி சொன்ன சொல்லு நெஞ்சுல குத்துது... மாமி சொன்ன சொல்லு நெஞ்சுல குத்துது...”

எங்க பொம்பளைங்க நெஞ்சுல அடிக்கிறது ரெண்டுக்குத்தான். ஒண்ணு எழவுக்கு, இல்லாட்டி சாபம் விட.

“நான் உசுரோட நிக்கிறப்பவே எனக்கு மாரடிக்கிறியாடி?”ன்னு உள்ள புகுந்தேன்.

“இல்ல மாமி, மிஸ்தான் இப்பிடிச் சொல்லிக் குடுத்தாங்க...”

“ஓ! என்னைச் சொல்லி அடிக்கத்தான் மிஸ்ஸு வர்றாளா?”

லயமே கூடிருச்சு. எப்பிடித் தட்டுறதுன்னு மிஸ் படம் போட்டுக் குடுத்திருந்த தாளை எடுத்து அடுப்புல போட்டேன். அவ அழக்கூட இல்ல.

அன்னிக்கோட தட்டுறத விட்டா. கிளினிக் போறதையும் விட்டா. சாப்பாடும் கொறஞ்சு எலும்பாப் போனா. அடுத்த மாசம் அவ அண்ணன் மொனராகலையில இருந்து வந்து கூட்டிட்டுப் போனாரு. மகனும் பின்னாலயே போயிட்டான்.

போன வருஷம் எனக்கே தூக்கம் கெட்டு பதுளைக்குப் போனப்ப, அதே மிஸ் அங்க இருந்தாங்க. வீம்பாத்தான் கேட்டேன், என்னைச் சபிக்கவா சொல்லிக் குடுத்தீங்கன்னு.

“இல்லம்மா. மொதல்ல வலியச் சொல்லணும். அப்புறம் ‘இருந்தாலும் நான் கெட்டவ இல்ல, என் மேல தப்பு இல்ல’ன்னு சொல்லி முடிக்கணும். மருந்தோட சேத்து இது ஒரு ஆறுதல், அவ்வளவுதான்”னாங்க.

அவ அந்தப் பின்பாதிக்கு வர்றதுக்குள்ள நான் உள்ள புகுந்துட்டேன்.

மொனராகலையில டொக்டர்கிட்ட காட்டி இப்ப அவளுக்குத் தேவலையாம். போன் எடுத்தா “சாப்பிட்டீங்களா மாமி”ன்னு கேப்பா. அப்புறம் மகன்கிட்ட குடுத்துருவா.

நானும் தனியா உக்காந்து தட்டிப் பாக்குறேன். விரல் சரியாத்தான் போகுது. வலிய வாய் தொறந்து சொல்லணுமே, அங்கதான் நின்னு போகுது. புள்ளையப் பறிகுடுத்தவகிட்ட நான் பீத்திக்கிட்டதச் சொல்ல, இந்த வயசுலயும் எனக்கு வாய் வரல.