டெலானிபூருக்குப் போன டொக்பொக்கி

2018, ஜனவரி. காலை 7.40. அந்தமான் விமானம் சென்னையை விட்டு எழும்பியதிலிருந்து என் கை பையையே தடவிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு டப்பா, விலை 190 ரூபாய். சென்னை ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் அக்கா மகள் வினோ கொடுத்தனுப்பியது. கொரியாவில் தெருவோரம் விற்கும் டொக்பொக்கியாம்: விரல் நீளத்துக்கு அரிசிமாவுக் கொழுக்கட்டை, மேலே இனிப்பும் காரமுமாய்ச் சிவப்புக் குழம்பு. "அப்பாதான் கேட்டாங்க சித்தி" என்றாள்.

அத்தானுக்கு ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். நாள் முழுக்கச் சேர்க்கலாம் என்கிற உப்பில் பாதி இதிலேயே இருந்தது. மாவும் சர்க்கரையும் தாராளம், புரதம் பேருக்கு. கொடுப்பதா, ஒளிப்பதா? இரண்டு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்தும் கடலைப் பார்க்கவில்லை.

10.15. போர்ட் பிளேர் விமான நிலையத்திலிருந்து அக்கா வீடு இருக்கும் டெலானிபூர் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ 150 ரூபாய். "மெயின்லேண்ட்லேருந்து என்னக்கா கொண்டு வந்தீங்க?" என்றார் ஓட்டுநர். இங்கே வந்து இறங்குகிறவர்களிடம் முதலில் கேட்பது அதைத்தான்.

"வம்பு" என்றேன்.

பகல் 1.00. சாத்தம் மரம் அறுக்கும் மில் வேலையிலிருந்து அத்தான் சாப்பிட வந்தார். ஒரு செருப்பைக் கழற்றி மறு செருப்பைக் கழற்றுவதற்குள், "டப்பா எங்க மல்லிகா?" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இதைத் தின்னா உங்க பிரஷர் எங்க போய் நிக்கும்னு தெரியுமா? நாக்கை அடக்குங்க அத்தான்."

"அரே, நான் திங்கவா கேட்டேன்?"

டப்பாவைப் பிரித்துத் தட்டில் கொட்டினார். விறைத்த வெள்ளைக் கொழுக்கட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "மீன் இல்ல. முட்டை இல்ல. பருப்புகூட இல்ல. ராத்திரிக்கு தினம் இதுதான்னு வினோ வாய் தவறிச் சொல்லிட்டா. வீடியோ போட்டா இங்க நெட் நின்னுடுது, மூஞ்சி தெரியல. திங்கிறதையாவது பாக்கலாம்னுதான் கேட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ நேர்ல பாத்தியே, இளைச்சிருக்காளா?"

ஹாஸ்டல் வாசலில், ஆட்டோவை நிறுத்தி வைத்து, இறங்காமலே டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தவள் நான். இருட்டில் அவள் கையைத்தான் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்கா" என்றேன். அக்கா சூரைமீன் குழம்பு ஊற்றினாள். அத்தான் மீனைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்தார்.

மூன்றாம் நாள், பகல் 11.30. திரும்பும் விமானம். பையில் அக்கா வறுத்துக் கட்டிக்கொடுத்த சூரைத் துண்டுகள். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை மூக்கைத் தேய்த்துக்கொண்டார். போர்ட் பிளேரிலிருந்து வினோவின் ஹாஸ்டலுக்கு ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். என் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். அவள் சென்னைக்குப் படிக்க வந்த இரண்டு வருடத்தில் ஒரு வேளை சாப்பிட வா என்று நான் அவளைக் கூப்பிட்டதில்லை.

சென்னையில் ஆட்டோக்காரர் எங்கே என்று கேட்டார். ஹாஸ்டல் பேரைச் சொன்னேன். "போய் ஒரு பொண்ணைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகணும்" என்றேன்.