பொங்கலன்று எங்கள் கார்

இரத்தினபுரியில் கொழுந்தன் மகன் கல்யாணம். மாப்பிள்ளை, கூரை திறந்த குட்டிச் சிவப்புக் காரில் வந்து இறங்கினான். வெயிலில் சூடேறிய தோல் சீட்டின் வாசனை முகத்தில் அடித்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கொடகவெலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்திய துரையிடமும் அப்படியொரு இத்தாலிக் கார் இருந்தது. ஓடாமல் பங்களாக் கொட்டகையில் கிடந்தது, அதில் கோழிகள் அடையும். "ஓட வச்சா நீயே வச்சுக்க" என்றார் துரை, லொறி டிரைவரான என் அப்பாவிடம்.

வேலை முடிந்ததும் அப்பா அதோடேயே கிடப்பார். பழைய லொறிச் சாமான்களைப் பொருத்தி எஞ்சினை எழுப்பினார். லொறி மூடும் படங்குத் துணியில் கூரை தைத்தார். அம்மா சீட்டுகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசினாள்.

பொங்கலன்று பெல்மதுளை வழியாக இரத்தினபுரிக்குப் போனோம். நான் அம்மா மடியில். காற்றில் அவிழ்ந்த கூந்தலை அம்மா முடியவே இல்லை.

"மெதுவா போங்க, டவுன் வந்துறப் போகுது" என்றாள்.

திரும்பியபோது பங்களா வாசலில் துரை நின்றிருந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்க. சாவியக் குடு."

"எனக்குன்னு சொன்னீங்களே, தொரை..."

"சும்மா சொன்னத நெசமுன்னு நெனச்சியா?"

அப்பா இரண்டு கையாலும் சாவியை நீட்டினார். லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்தே போனோம்.

அடுத்த ஞாயிறு, காரைக் கழுவ வரச்சொல்லி அப்பாவுக்கு ஆள் அனுப்பினார் துரை. அப்பா போனார். துரை மாற்றலாகிப் போகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் போனார்.

"பெரியம்மா, ஏறுங்க, ஒரு ரவுண்டு போவோம்" என்றான் மாப்பிள்ளை, சிவப்புக் காரின் கதவைத் திறந்து பிடித்தபடி.

"வேணாம்ப்பா" என்று மண்டபத்துக்குள் போய்விட்டேன்.