பிக்கப்பின் குரோம் பட்டை

என் பழைய பிக்கப் வண்டியின் இரு பக்கமும் நீளமாக ஓடும் குரோம் பட்டைகளை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று ஒரு மாதமாக மண்டை காய்ந்தது. வண்டிக்கு அழகே அவைதான். ஆனால் அவற்றின் ஓரமெல்லாம் துரு எட்டிப் பார்த்தது. இந்த டவுன்ஷிப்பில் எது கெட்டாலும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேல் பழி போடுவோம், நானும் போட்டேன். பட்டைக்குள் சாம்பல் அடைந்துவிடக் கூடாதென்று, ஷிப்ட் முடிந்து வந்ததும் ஹோஸ் பைப்பைப் பிடித்து அடித்துக் கழுவுவேன். ஒரு நாள்கூட விட்டதில்லை.

கடைசியில் வடலூரில் ஒரு பெயிண்டரிடம் போனேன். அவர் ஒரு பட்டையைக் கழற்றினார். உள்ளே தகடு பொத்தலாகியிருந்தது.

"பாத்தீங்களா, சாம்பல் பண்ற வேலைய?" என்றேன்.

அவர் விரலால் தடவிப் பார்த்தார். "சாம்பலே இல்லீங்க. தண்ணி தேங்கித் துரு புடிச்சிருக்கு. தெனம் கழுவிக்கினு இருந்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப பட்டைய எடுத்துடலாமா?"

"பட்டை என்னாங்க பண்ணிச்சி? அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க பைப்ப விடுங்க."

ஓட்டையை அடைத்து, பட்டையை மறுபடி மாட்டிக் கொடுத்தார். மறுநாள் காலை வண்டியின் மேல் மெல்லிய சாம்பல் படிந்திருந்தது. பார்க்காதது போல உள்ளே போனேன். காபி ஆறுவதற்குள் மூன்று முறை வாசலுக்கு வந்துவிட்டேன். நான்காவது முறை கையில் பைப் இருந்தது.