செல்வராசு கேட்டிராத ஹாரன்: பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை, அரியலூரில் புதைபடிவக் கற்கள் பார்க்கலாம் என்று கிளம்பினேன். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவனுக்கு லீவிலும் இப்படித்தான் புத்தி போகும். கற்களை அன்று பார்க்கவேயில்லை. துளியும் வருத்தமில்லை.

பெரம்பலூரில் காலை 9.40க்குத் தனியார் பஸ். 31 கிலோமீட்டர், டிக்கெட் 30 ரூபாய். டிரைவர் செல்வராசுவுக்குப் பக்கத்திலேயே சீட் கிடைத்தது. மனுஷனுக்குத் தன் ஹாரன் மேல் அப்படியொரு பிரியம். இரட்டைக் குழல். இரண்டுக்கும் சுருதி இம்மியளவு வித்தியாசம் என்பதால் சத்தம் கூடிக் குறைந்து துடிக்கும். பாடப்புத்தகத்தில் இதற்கு விம்மல் என்று பெயர்.

பாதி வழியில் அவர் மனைவி மல்லிகாவின் டீக்கடை. அங்கே ஸ்டாப் கிடையாது. கடைக்கு முன்பே ஹாரனை அழுத்தியவர், தாண்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. தினமும் இப்படித்தானாம்.

"வர்றப்ப கணீர்னு இருக்கு, தாண்டினதும் தொண்டை கட்டிக்கிதுங்கிறா சார். ரெண்டு தடவ மாத்திட்டேன். இன்னிக்கு மூணாவது மாட்டப்போறேன்" என்றார். அவர் காதுக்கு எப்போதும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. ஆசையாக அடிக்கிற ஹாரனில் குறை கண்டுபிடிக்கிறாளே என்று வருத்தம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் நெருங்கும்போது ஒலி அலைகள் நெருக்கியடித்துக் காதுக்கு வரும், சுருதி ஏறும். விலகும்போது அலைகளுக்கிடையே தூரம் கூடும், சுருதி இறங்கும். ஹாரனோடு கூடவே போகிறவருக்கு இது எப்படிக் கேட்கும்? சொன்னேன். தலையாட்டினார், நம்பவில்லை.

10.45க்கு அரியலூர். ஹாரன் மாட்டுவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள் என்று கெஞ்சினேன். பஸ்ஸை மாற்று டிரைவரிடம் கொடுத்து, கடையைத் தாண்டியும் ஹாரனிலிருந்து கையை எடுக்காதே என்று சொல்ல வைத்தேன். "தாண்டினதுக்கப்பறம் யாருக்குங்க ஹாரன்?" என்றார் மாற்று டிரைவர். நியாயமான கேள்வி. முன்னால் கிளம்பிய பஸ்ஸில் போய் (15 ரூபாய்), ஸ்டாப்பிலிருந்து 400 மீட்டர் நடந்து கடை வாசலில் நின்றோம்.

11.50க்குப் பஸ் வந்தது. கணீரென்று வந்த சத்தம் எங்களைத் தாண்டிய நொடியில் சரிந்து, இறங்கி, தேய்ந்து போனது. செல்வராசு கடைக்குள் இருந்த மல்லிகா பக்கம் திரும்பினார்.

"நான் போறது உனக்கு இப்படியா கேக்குது?"

"ஆமா. ஆனா ஹாரன மாத்துங்கன்னு நான் எப்ப சொன்னேன்? அது இறங்குனாத்தான நீங்க நல்லபடியா தாண்டிட்டீங்கன்னு தெரியுது" என்றார் மல்லிகா.

பன்னிரண்டு வருஷமாக டாப்ளர் விளைவு நடத்துகிறேன், இந்தப் பயன் எனக்குத் தெரியாது.

போகிறவர்களுக்கு: பஸ்ஸில் உட்கார்ந்தபடி கேட்க முடியாது, இறங்குங்கள். ரோட்டிலிருந்து பத்தடி தள்ளி நின்று போனில் பதிவு செய்யலாம். டீ 12 ரூபாய். ஞாயிறு மட்டும் பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டம். லீவு நாளில் செல்வராசு அங்கேதான் உட்கார்ந்து, தாண்டிப் போகிற பஸ்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.