சித்தப்பா பார்த்த ஒட்டகச்சிவிங்கி

ஒன்பது வயதில் நான் பேசினால் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். அதனால் நிறுத்தவே மாட்டேன்.

அப்போது சித்தப்பா, ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலிருந்த எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்தார். காசு வாங்கிக் கள்ளமாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஆபிரிக்கா வழியாகச் சுற்றவிட்டு ரொறொன்ரோவில் கொண்டுவந்து சேர்த்த ஆள். செவ்வாய்க்கிழமை அவருடைய அகதி வழக்கு. நீதிபதி நம்பினால் கனடாவில் இருக்கலாம், ஊரிலிருந்த சித்தியைக் கூப்பிடலாம். நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஞாயிறு பின்னேரம் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடந்தது. அப்பாதான் நீதிபதி. மிசிசாகாவில் இரண்டு ஷிஃப்ட் அடித்துவிட்டு வந்தவர், நாலாவது கேள்வியில் உட்கார்ந்தபடியே நித்திரையாகிவிட்டார். நான் அவருடைய கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டேன்.

சித்தப்பா வந்த பாதையில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு ரோட்டுத்தான். விலங்குச் சரணாலயத்துக்கு நடுவே போகிற செம்மண் ரோட்டு. அதைச் சொல்லச் சொன்னேன். சலித்துப்போன குரலில், வழக்கமான வரிசையில் சொன்னார்: முதலில் வரிக்குதிரைக் கூட்டம், பிறகு யானை, தண்ணீர் தேங்கிய இடத்தில் ஒட்டகச்சிவிங்கி.

"ஒட்டகச்சிவிங்கியின்ர முகம் எப்பிடி இருந்தது? நீர் சொல்லும்."

சித்தப்பாவை நீர் என்று கூப்பிட வேறு எப்போது வாய்க்கும்?

"முகம் தெரியேல்லையடா. கால்தான் பாத்தனான்."

"யானை?"

"அதுவும் கால்தான்."

"கழுத்துத் தெரியாத ஒட்டகச்சிவிங்கியோ? நீர் பொய் சொல்லுறீர். கேஸ் றிஜெக்ட்."

கரண்டியால் மேசையில் தட்டினேன். குசினிக்குள் அம்மா சிரித்தது கேட்டது. சித்தப்பா சிரிக்கவில்லை. அப்பாவைத் தட்டி எழுப்பினார்.

"அண்ணை, உந்த ரோட்டுக் கதையை விடுவம். சின்னப் பெடியனே நம்புறானில்லை."

"உண்மைதானேடா?"

"உண்மைதான். ஆனா சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரிக் கிடக்கு."

செவ்வாய்க்கிழமை அவர் அந்த ரோட்டைச் சொல்லவில்லை. அந்த ரோட்டில் போன இரண்டு நாளும் எங்கே இருந்தீர் என்று நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்டாராம். வழக்கு இன்னும் மூன்று வருஷம் இழுபட்டது. சித்தியோடு ஃபோனில் கதைத்தே சித்தப்பாவுக்குத் தலை நரைத்தது.

எனக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கில் வென்ற சந்தோஷம். எனக்கு அந்த ரோட்டைச் சொல்லும்போதெல்லாம் மூட்டைகளை மட்டும் அவர் விட்டுவிடுவார் என்பது பிறகுதான் தெரியவந்தது. லொறியில் சோள மூட்டைகளுக்கு அடியில் ஆறு பேர். லொறியின் பக்கப் பலகையில், அடியில் ஒரு இடுக்கு. அதில் முறை வைத்துக் கண்ணை வைத்தவர்களுக்குக் காலுக்கு மேலே எதுவும் தெரியாது.

எங்கே இருந்து பார்த்தீர் என்று நான் கேட்கவேயில்லை.